நான் தூங்கிவிட்டதாகச் சொன்ன படம்

நான் ஒரு படத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அந்தப் படத்துக்கு எங்கள் லேபில் ஒருவரும் போவதில்லை. இது எனக்கே தெரியாமல் நாலு வருஷம் ஓடியிருக்கிறது. போன மாதம் என் நாத்தனார்தான் போட்டு உடைத்தாள்.

"அண்ணி, கோச்சுக்கக் கூடாது. நீங்க சூப்பர்னு சொன்னா நாங்க டிக்கெட் எடுக்க மாட்டோம். மோசம்னு சொன்னா அன்னிக்கே எடுத்துடுவோம். இதுவரைக்கும் ஒரு தடவகூடத் தப்பினதில்ல."

கோபித்துக்கொள்ளக் கூடாதாம்! உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது எனக்கு. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு புதுப்படத்தைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது, பேசிவிட்டேன்.

எங்களுடையது பல் செட் செய்யும் லேப். மொத்தம் நாலே பேர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வடிவம் எடுப்பவர் சுண்ணாம்பு அண்ணன். காலை பத்து மணிக்கே புருவம் வரை வெள்ளையாகிவிடுவார். அந்தத் தாடையில் மெழுகு வைத்துப் பற்களை ஒவ்வொன்றாக நடுவது நான். நாத்தனார் பாலிஷ் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் என்னை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, என்னைவிட எட்டு வயது மூத்த சுண்ணாம்பு அண்ணனுக்கும் நான் அண்ணியாகிவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பீங்கான் சார். ஒற்றைப் பற்களைப் பீங்கானில் செய்து சின்ன உலையில் சுட்டு எடுப்பவர். பல்லின் நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவருக்குப் படத்தின் தரமும் தெரியும் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. அவர் "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள்.

இங்கே கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை என்றால் படக்கதைதான். எனக்கோ, பார்த்த படத்தைப் பற்றிப் பேசாவிட்டால் பார்த்த மாதிரியே இருக்காது. வீட்டில் பேசலாம் என்றால், என் வீட்டுக்காரர் பெயர் போடும்போதே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். இடைவேளையில் எழுப்பினால் "நல்லாத்தான் போகுது" என்பார்.

அப்படி அவர் குறட்டை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அரங்கில் பதினோரு பேர். அவரைக் கழித்தால் பத்து. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு எடை போடும் மேடை. அங்கே சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடைச்சீட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு பெண். தினமும் ஒரு லாரிக்காரன் வருவான். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகவே பேசுவார்கள். அவ்வளவுதான் கதை. பாட்டு இல்லை, அடிதடி இல்லை. கடைசி ஏழு நிமிஷம் வசனமே இல்லை. நான் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை, ஓரமாகப் போய் நின்று அழுதேன்.

வெளியே வரும்போது டிக்கெட் கிழிப்பவரிடம், இந்தப் படம் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். "வியாழக்கிழமையோட தூக்கிடுறாங்க" என்றார். யாரையோ வேலையை விட்டுத் தூக்கப்போவதாகச் சொன்ன மாதிரி இருந்தது. இன்னும் நாலு நாள். அதற்குள் எங்கள் ஆட்கள் மூன்று பேரும் பார்த்தாக வேண்டும். பார்த்தால்தான் நான் பேச முடியும்!

திங்கட்கிழமை காலையில் லேபுக்கு நடந்து போகும்போது படம் தொண்டை வரை வந்து நின்றது. வாயைத் திறந்தால் "ஐயோ, என்ன படம் தெரியுமா" என்றுதான் வரும். அப்படி வந்துவிட்டால் படத்தின் கதை முடிந்தது. தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"என்ன அண்ணி, நேத்து படத்துக்குப் போனீங்களாமே?" என்றார் சுண்ணாம்பு அண்ணன், பிளாஸ்டர் குழைத்தபடியே.

"போனேன். ஏன்டா போனோம்னு ஆயிடுச்சு."

நாத்தனார் சக்கரத்தை நிறுத்தினாள். "அவ்வளவு மோசமா?"

"மோசம்னா மோசம், அப்படியொரு மோசம். ஒரு பொம்பள உக்காந்திருக்கா, லாரி வருது, லாரி போகுது. நான் தூங்கிட்டேன்."

இரண்டு பேர் முகத்திலும் பல்ப் எரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணியே தூங்கிட்டாங்களா!" என்று சுண்ணாம்பு அண்ணன் கரண்டியைப் போட்டார். "பீங்கான் சார், கேட்டீங்களா? அண்ணியே தூங்கிட்டாங்களாம்!"

கண்ணாடித் தடுப்புக்கு மேலே சாரின் தலை எழும்பியது. "அப்போ பார்க்கலாம்" என்றார்.

டீ ஆறுவதற்குள் புதன்கிழமை சாயங்காலக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான்காவதாக என்னைக் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. "பாவம், உங்கள எதுக்கு மறுபடியும் கஷ்டப்படுத்தணும்" என்றாள் நாத்தனார். ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதித்தது. அதே மனசு, தூங்கினதாகச் சொன்னவள் இனி இந்தப் படத்தைப் பற்றி என்னவென்று பேசுவாய் என்றும் கேட்டது. அதை நான் யோசிக்கவே இல்லை. என் அவசரப் புத்தி அப்படி.

வியாழக்கிழமை காலை அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று பேரும் ஒன்றாகவே வந்தார்கள், தெருவிலிருந்தே பேசிக்கொண்டு.

"யப்பா, என்ன படம்!" என்றார் சுண்ணாம்பு அண்ணன். "அண்ணி, உங்களுக்குக் கோயில் கட்டணும். நீங்க மட்டும் தூங்கலன்னா இதக் கோட்டை விட்டிருப்போம்." வேலையை ஆரம்பித்தவர், குழைத்த பிளாஸ்டரை அப்படியே வைத்துவிட்டு, மூட்டை நிறுக்கும் தராசின் மேல் ஏறி நின்று, கண்ணை மூடி, அந்தப் பெண் நின்ற மாதிரி நின்று காட்டினார். தராசு கிரீச் என்றது. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில எனக்கு அழுகையே வந்துடுச்சு அண்ணி. நீங்க பாத்திருக்கணும்."

நான் பார்த்திருக்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு பல்லை நட்டேன்.

"அந்த லாரிக்காரன் குரல்..." என்றாள் அவள். ஆமாம், அந்தக் குரல்! என்று கத்த வேண்டும் போலிருந்தது. "மழை பெய்யறப்போ சீட்டு நனையாம ஒரு டப்பால போட்டுக் குடுப்பாளே" என்றார் அண்ணன். ஆமாம், மருந்து டப்பா, மூடிகூடச் சரியாகப் பொருந்தாது! அவர்கள் பேசப் பேச என் உடம்பெல்லாம் துறுதுறுவென்றது. படத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர் என் கண்ணெதிரே இருக்கிறார்கள், நான் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன். கையில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணி, ரெண்டு பக்கமும் வலது கோரைப்பல்லையே வெச்சிருக்கீங்க" என்றாள். பிடுங்கிப் போட்டேன்.

அப்போதுதான் பீங்கான் சார் ஒரு பல்லை உலையில் வைத்துவிட்டு, தடுப்புக்கு மேலே தலையை நீட்டித் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்.

"அண்ணி, தூங்கிட்டதால உங்களுக்கு முடிவு தெரியாது. சொல்றேன் கேளுங்க. எல்லா லாரியும் போனப்புறம் அவ ஜன்னல மூடிட்டு வெளிய வந்து, அந்த மேடை மேல ஏறி நிக்கிறா. ஏன்? அந்த லாரிக்காரன் திரும்ப வருவான்னு காத்திருக்கா. காதல்தான் படமே."

"கரெக்ட் சார்" என்றார் சுண்ணாம்பு அண்ணன். நாத்தனாரும் தலையாட்டினாள்.

என்னால் முடியவில்லை. கையிலிருந்த மெழுகுக் கத்தி மேஜை மேல் விழுந்தது.

"காத்திருக்காளா? யாருக்கு? அவ யாருக்காகவும் காத்திருக்கல சார்! ஏறுறதுக்கு முன்னாடி அவ என்ன பண்ணா? பாத்தீங்களா இல்லையா? செருப்பக் கழட்டி ஓரமா வெச்சா. இடுப்புல இருந்த சாவிக்கொத்தை எடுத்து அது மேல வெச்சா. ஒருத்தனை எதிர்பாத்து நிக்கிறவ எதுக்கு சாவியக் கீழ வைக்கணும்? அவளுக்குத் தன்னோட எடை மட்டும் வேணும், சுத்தமா! பதினாறு வருஷம் போற வர்ற லாரி அத்தனையையும் நிறுத்தி எவ்வளவு எவ்வளவுன்னு எழுதினவ. அவள ஒருத்தராவது நீ எவ்வளவுன்னு கேட்டாங்களா? அந்த லாரிக்காரன்கூட கேக்கல சார். அதனால அவளே ஏறிப் பாத்துக்கிட்டா!"

என் குரல் உடைந்துவிட்டது.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்களே அண்ணி?" என்றாள் நாத்தனார் மெதுவாக.

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"நல்லா இருக்குன்னு சொன்னா போயிருப்பீங்களா? இந்தப் படத்தப் பத்திப் பேசறதுக்கு எனக்கு ஆள் வேணும். வேற யாரு இருக்கா எனக்கு? அதான் சொன்னேன்."

வெட்கமாகவும் இருந்தது, சொல்லிவிட்ட நிம்மதியாகவும் இருந்தது. சுண்ணாம்பு அண்ணன் தராசிலிருந்து இறங்கினார். என் நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் கேலி துளியும் இல்லை. அவள் சட்டென்று போனை எடுத்தாள். "இன்னிக்குக் கடைசி ஷோ. நாலு எடுக்கறேன். செருப்ப நான் பாக்கவே இல்ல."

"நானும் பாக்கல" என்றார் பீங்கான் சார்.

அவர் கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு ஸ்டூலை என் மேஜை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த மருந்து டப்பா" என்றார். "அது யாரோடது அண்ணி? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஆகா! அதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே நான் நாலு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தச் சொல்லிவிட்டு, முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தேன். சுண்ணாம்பு அண்ணன் குழைத்த பிளாஸ்டர் கிண்ணத்திலேயே இறுகிக்கொண்டிருந்தது. உள்ளே உலையில் பல் வெந்துவிட்டதென்று மணி அடித்தது. ஒரு பல்லை ஒரு நொடி கூடுதலாக வைத்திருக்க விடாத மனுஷர், எழுந்திருக்கவில்லை.

"அடிக்கட்டும்" என்றார். "நீங்க சொல்லுங்க."