கண்ணையன் வேனில் முன்சீட்டு

செந்துறையிலிருந்து ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையில் கண்ணையனின் வேன் வந்துகொண்டிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் முன்கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. வெயில் நன்றாக ஏறிய பிறகும் ஹெட்லைட் தானாக எரிந்தது, தானாக அணைந்தது. உள்ளே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அது 2006ஆம் ஆண்டு. ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வேனும் புதுசு, அந்தச் சித்திரையில் வாங்கியது. ஆலை கேன்டீனிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுவதுதான் கண்ணையனின் பிழைப்பு. கெட்டவன் இல்லை. வழியில் யாராவது கைக்குழந்தையோடு நின்றால் கேட்காமலே நிறுத்துவான். ஆனால் சகுனம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும், மூளையைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருகிற ஆள்.

அன்று ஆலை வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு தோட்டவேலை பார்க்கும் சுந்தராம்பாள் மட்டும் தங்கி நின்றாள்.

"கண்ணையா, நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காத. விடிஞ்சதும் இந்த வண்டியில மொதல்ல ஏறுறது யாரு? முன்சீட்டுல ஒக்கார்றது யாரு? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

முதலில் ஏறுகிறவள் பஞ்சவர்ணம். கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவள். அவளுடைய ஊர்தான் முதல் நிறுத்தம், அதனால் காலியாக இருக்கும் முன்சீட்டில் உட்காருவாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்ததிலிருந்து அவள் நெற்றியில் பொட்டு இல்லை. இது போதாதா சுந்தராம்பாளுக்கு? இத்தனைக்கும் அவளே பஞ்சவர்ணத்தின் சமையலை ருசித்துச் சாப்பிடுகிறவள்தான். சாப்பிடும்போது மட்டும் சகுனம் எங்கே போகுமோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் வழக்கம்போல வேன் கதவைத் திறந்தாள்.

"சீட்டு பத்தல தங்கச்சி. இனிமே பஸ்ல வந்துரு" என்றான் கண்ணையன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டி காலியாத்தானேண்ணே இருக்கு."

"வழியில ஆளு ஏறும்."

பஞ்சவர்ணத்துக்குப் புரியாமல் இல்லை. கல்யாண வீடுகளில் பழகிய பேச்சுதானே இது. கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சாலையோரம் போய் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஊருக்கு வரும் முதல் பஸ், கேன்டீனில் முதல் ஈடு இட்லி இறங்க வேண்டிய நேரத்துக்குத்தான் வரும். அவள் போய்ச் சேர்வதற்குள் ஆலைத் தொழிலாளர்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். சூப்பர்வைசர் இரண்டு முறை முறைத்தார். பிறகு கூப்பிட்டு, "இந்த மாசத்தோட பாத்துக்க. இப்படியே லேட்டா வந்தின்னா நான் வேற ஆளு போட்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். எட்டாவது படிக்கும் மகள் சுகன்யாவையும் அவளையும் காப்பாற்றுவது அந்த ஒரு வேலைதான். சீட்டு போனால் வேலை போகும், வேலை போனால் என்ன மிஞ்சும் என்று அவள் ஒவ்வொரு காலையும் பஸ்ஸுக்காக நின்றபடி நினைத்துக்கொண்டாள்.

கண்ணையனோ தோஷம் கழிக்கிற வேலையில் மும்முரமாக இருந்தான். அம்மன் கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் வாங்கிவந்து, வெள்ளிக்கிழமைதோறும் டேஷ்போர்டின் இடதுபக்கம் சாமி படம் வைத்திருக்கும் இடத்தில் விட்டான். பூசாரி தெளிக்கத்தான் சொன்னார். இவன் ஊற்றினான். சாமி காரியத்தில் குறை வைக்கலாமா? மஞ்சள் தண்ணீர் படத்துக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக எங்கேயோ இறங்கிப் போனது. எங்கே போகிறது என்று அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வேன் அடங்கியதா என்றால், இல்லை. இடதுபக்கம் திரும்ப விளக்குப் போட்டால் வலதுபக்கம் எரிந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளூர் மெக்கானிக் பியூஸை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"ஏங்க, பஞ்சவர்ணம் ஏறி எத்தன நாளாச்சு? ஆனாலும் வண்டி முன்னவிட இப்பத்தான் அதிகமா ஆடுது" என்று ஒருநாள் அவன் மனைவி மலர்கொடி கேட்டாள்.

"அது ஏறுன தோஷம் இன்னும் முழுசா எறங்கல" என்றான் கண்ணையன்.

மலர்கொடி, இந்த ஆளிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் ஆலை வாசலில் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கித்தான் அடக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த அதிகாரி, வண்டியைச் சரிசெய்தால் ஓட்டலாம், இல்லையென்றால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பிழைப்பே போய்விடும் என்று கண்ணையனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மலர்கொடியையும் ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்த வேன் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

அங்கே எலக்ட்ரீஷியன் அசோக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, டேஷ்போர்டின் இடதுபக்கக் கீழ் மூடியைத் திறந்தான். உள்ளே டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது.

"பழைய வண்டியில சுவிட்ச தட்டுனா கரண்டு நேரா லைட்டுக்குப் போவும்ணே. இதுல அப்படியில்ல. லைட், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் இந்தப் பெட்டி சொன்னாத்தான் வேல செய்யும். இது கெட்டா எல்லாமே தாறுமாறா ஆடும்" என்றபடி பெட்டியைக் கழற்றிச் சாய்த்தான்.

மஞ்சள் தண்ணீர் சொட்டியது. வயர் சொருகும் இடத்தில் செம்புக் கம்பிகள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. சிமெண்ட் தூசி ஈரத்தில் ஊறி இறுகிக் கிடந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்றை அசோக் விரலால் எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, வேப்பிலை."

கண்ணையன் தலையைக் குனிந்துகொண்டான். மலர்கொடிதான் பேசினாள். "ஆயுத பூஜ அன்னிக்கு நான்தாம்பா ஒரு கொடம் தண்ணிய டேஷ்போர்டு மேலேயே ஊத்திக் கழுவுனேன். அப்புறம் இவரு வாராவாரம் தீர்த்தம் ஊத்துனாரு."

"மொதல் கோளாறு அந்தக் கொடத்துல வந்திருக்கும். மிச்சத்த தீர்த்தம் பாத்துக்கிச்சு" என்றான் அசோக். சிரிப்பை அடக்கிக்கொண்டு இடத்தைத் துடைத்துக் காயவைத்தான். புதுப் பெட்டியைப் பொருத்தி, லேப்டாப்பை மாட்டி அந்த வண்டியின் விவரங்களை அதில் ஏற்றினான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். வைப்பர் சொன்னபோது ஆடியது, சொன்னபோது நின்றது. ஹாரன் தொட்டால் மட்டும் கேட்டது.

வண்டி பட்டுப்போல ஓடியது. அரியலூரையும் தாண்டிவிட்டார்கள்.

"தண்ணி ஊத்துனது நாம. சீட்டு போனது அவளுக்கு" என்றாள் மலர்கொடி.

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு வரேன்" என்றான் அவன். மனிதனுக்கு வெட்கம் வந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்த மாதிரிதான்.

மறுநாள் காலை அவன் ஊர்களைச் சுற்றி மற்ற பெண்களை எல்லாம் முதலில் ஏற்றிக்கொண்டான். முன்சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை. பஞ்சவர்ணம் பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்தில் வேனை நிறுத்தி இறங்கினான்.

"தங்கச்சி, வண்டியக் கெடுத்தது நானும் எம் பொண்டாட்டியும் ஊத்துன தண்ணி. பழியத் தூக்கி ஒம் மேல போட்டேன். தப்பு என்னோடது. சூப்பர்வைசர்கிட்டயும் நானே வந்து சொல்றேன், நீ லேட்டா வந்ததுக்கு நான்தான் காரணம்னு."

வேனுக்குள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். சுந்தராம்பாள் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் கண்ணையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் குணம்தான் தெரிந்ததாயிற்றே, சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ஒங் கையால ஸ்டார்ட் பண்ணு தங்கச்சி. இனிமே நீ ஏறுனாத்தான் இந்த வண்டிக்கு ராசி."

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். சாவியை வாங்காமல் அவன் கையையே திருப்பி விட்டாள்.

"அதுவும் வேணாம்ணே. இன்னிக்கு ராசின்னு சொல்ற வாயி, நாளைக்கு டயரு பஞ்சரானா பழையபடி பேசும். நான் ராசியும் இல்ல, தோஷமும் இல்ல, வேலைக்குப் போற ஒரு பொம்பள. வண்டி கெட்டா வண்டிக்குள்ள தேடுங்க, பொம்பள நெத்தியில தேடாதீங்க. இப்ப வண்டிய எடுங்க, இட்லிக்கு நேரமாவுது."