பின்கொக்கியின் எழுவாய்

செயப்பாட்டு வினையை முதன்முதலில் எழுதியவன் ஒரு கோழையாகத்தான் இருந்திருக்க வேண்டும். செய்தவன் பெயரை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் சொல்வதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு இலக்கணத்தில் இல்லை. பள்ளியில் பணியாற்றிய காலமெல்லாம் நான் அதைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருந்தேன். அதே கோழைத்தனம் எங்கள் பார்மென்டர் ஏரியின் மீன்பிடிச் சட்டத்துக்குள் புகுந்து, என் மைத்துனன் ரோலன் வெலெட்டின் பிழைப்பில் கைவைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ரோலன் உரிமம் பெற்ற வழிகாட்டி. பாஸ்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறவர்களைத் தன் படகில் ஏற்றி, சால்மன் கடிக்கும் இடங்களுக்கு அழைத்துப் போவான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. சென்ற கோடையில் அவன் படகில் வந்த ஒரு கனவான், அளவுக்குக் குறைந்த மீன் ஒன்றை மழைக்கோட்டுக்குள் ஒளித்துவைத்தான். குற்றம் ரோலன் பெயரில் விழுந்தது. இன்னொன்று விழுந்தால் உரிமம் போய்விடும்.

மே மாதம். ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை வரவிருந்த வாடிக்கையாளர்களுக்காக மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க ரோலன் கிளம்பினான். நானும் உடன் போனேன். அவன் விசைப்படகை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்ட, நான் பின்னால் இழுபடும் தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கயிற்றில் அவன் இரண்டு ஈக்களைக் கட்டியிருந்தான். முன்னால் சாம்பல் நிறத்தில் சிறியது ஒன்று. பின்னால் நீளமானது ஒன்று. ஈ என்றால் உயிருள்ளதன்று. கொக்கியில் இறகும் மயிரும் நூலும் சுற்றிய பொய்யிரை. நீளமானதில், இறகு சுற்றிய முன்கொக்கியோடு வெற்றுப் பின்கொக்கி ஒன்றும் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். சால்மன் இரையின் வாலைத்தான் முதலில் கடிக்கும். அப்போது அந்தப் பின்கொக்கி மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் இதை யாரும் இரண்டு என்று எண்ணியதில்லை. கடையில் ஒன்று என்று கேட்டால் இதைத்தான் ஒன்றாக எடுத்துத் தருவார்கள்.

படகுத்துறைக்குத் திரும்பியபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த மீன்வளக் காவலர் கேண்டஸ் பெல்டன் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என் கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஒரு கயித்துல ரெண்டு ஈதான் கட்டலாம் சார். இதுல மூணு இருக்கு.”

“மூணா? எங்க, எண்ணிக் காட்டு.”

“கொக்கி மூணு இருக்கே.”

“உன் கால்சட்டைக்குக் கால் எத்தனை?”

“ரெண்டு.”

“அப்ப நீ ரெண்டு கால்சட்டை போட்டுட்டு வந்திருக்கியா?”

ரோலன் தலையில் கைவைத்தான். “மச்சான், விடுங்க. ஏம்மா, இவரு இப்படித்தான். சண்டை போடும்போதுகூட ஒருமை பன்மை பாத்துத்தான் போடுவாரு.”

“நீ சும்மா இருடா. தப்பா எண்ணுறதப் பாத்துக்கிட்டு என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது.”

சட்டப் புத்தகத்தைக் கேட்டேன். அவளே வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். துறையில் நின்றபடியே உரக்கப் படித்தேன்: ‘ஈ எனப்படுவது இறகு, மயிர், நூல் முதலியவை சுற்றப்பட்ட ஒற்றைக் கொக்கி.’

“கேட்டியா? சுத்தப்பட்ட கொக்கிதான் ஈ. இந்தப் பின்கொக்கில என்ன சுத்தியிருக்கு? ஒரு நூல் இருக்கா? ஒரு மயிர் இருக்கா? அப்ப இது ஈ இல்ல. ஈ இல்லாதத ஈன்னு எப்படி எண்ணுவே?”

வகுப்பறையில் ஒரு மாணவனை மடக்கிய நிறைவு எனக்கு. ஆனால் அவள் முகம் வாடவில்லை. மாறாக, வருத்தம்போல ஒன்று அதில் தெரிந்தது.

“சார், அடுத்த பக்கத்தையும் படிச்சிடுங்க.”

படித்தேன். ‘இந்த ஏரியில் ஈ தவிர வேறெதுவும் பயன்படுத்தப்படக் கூடாது.’

“நான் எண்ணிக்கை கூடிப்போச்சுன்னு எச்சரிச்சு விட்டிருப்பேன் சார். நீங்க இப்ப இது ஈயே இல்லன்னு நிரூபிச்சிட்டீங்க. வெறுங்கொக்கி இந்த ஏரிக்குள்ள வரவே கூடாது. அது பெரிய குத்தம். ஆள் கூடி நின்னு கேட்ட பிறகு நான் கேக்காத மாதிரி போக முடியாது.”

உண்மைதான். பேச்சு கேட்டு, துறையில் காப்பிக் குவளைகளோடு நாலைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். ரோலன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நல்லா வாதாடினீங்க மச்சான்,” என்றான்.

என் கோபம் முழுவதும் இப்போது அந்த வாக்கியத்தின்மேல் திரும்பியது. என்ன வாக்கியம் அது! ஒரே புத்தகத்தில் ஓரிடத்தில் ஈயை எண்ணச் சொல்கிறார்கள். வேறோரிடத்தில் கொக்கியை விலக்கச் சொல்கிறார்கள். ஊரே பரம்பரையாகப் பயன்படுத்தும் ஒரு பொருளுக்கு இரண்டுக்கும் நடுவில் இடமில்லை.

“இத எழுதினது யாரு?” என்று கத்தினேன்.

“எனக்குத் தெரியாது சார். நான் எழுதல.”

“யாராலயோ எழுதப்பட்டிருக்கு, அப்படித்தானே!”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அபராதச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

“கட்டினது யாரு?”

“நான்தான்மா,” என்றான் ரோலன். பொய் சொல்ல அவனுக்கு வராது.

அவள் பேனாவை எடுத்தாள். என் கண் இன்னும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது. ‘பயன்படுத்தப்படக் கூடாது.’ யாரால்? சொல்லவில்லை. நான் ஆயுள் முழுவதும் வெறுத்த அந்த ஓட்டை, அந்த எழுவாய் இல்லாத பள்ளம், அதோ என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

“நிறுத்து. கட்டப்படக் கூடாதுன்னு இங்க இல்ல. பயன்படுத்தப்படக் கூடாதுன்னுதான் இருக்கு. கட்டினவன் வேற, பயன்படுத்தினவன் வேற. தூண்டில் யார் கையில இருந்துச்சு?”

“உங்க கையில.”

“தண்ணில விட்டது யாரு?”

“நீங்க.”

“அப்ப எழுவாய் நான். என் பேர எழுது. லெமுவல் ஸ்பராக். ஸ்பராக்குக்குக் கடைசில ‘E’ எழுத்து உண்டு, விட்டுடாத.”

அவள் என்னையே பார்த்தாள். “சார், உங்க பேர்ல எழுதினா இந்த சீசன் முழுக்க நீங்க இந்த ஏரில தூண்டில் போட முடியாது. கோவத்துல சொல்லாதீங்க.”

“கோவத்துலதான் சொல்றேன். கோவத்துல சொன்னா எழுவாய் மாறிடுமா?”

“மச்சான், வேண்டாம்...” என்று ரோலன் எழுந்தான்.

“உக்காருடா.”

இங்கே குளிர்காலம் எவ்வளவு நீளமானது என்பதும், பனி உடையும் வாரத்துக்காக நான் எப்படிக் காத்திருப்பேன் என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் கொஞ்ச நேரம் வாக்கியத்தை வாய்க்குள் படித்தாள். பிறகு என் பெயரை எழுதினாள். ‘E’ எழுத்தை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரோலன் என் வீட்டுக்கு வந்தான். சமையலறை மேசையில் தன் ஈப்பெட்டியைத் திறந்துவைத்து, குறடால் பின்கொக்கிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்குப் பல் கூசியது.

“நாளைக்கு ரெண்டு பேர் வர்றாங்க. படகு ஓட்ட ஆள் வேணும், வாங்க.”

“எனக்குத்தான் தடை போட்டிருக்கே.”

“தூண்டில் போடத்தான தடை? படகு ஓட்டப்படக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னான், தடியன்.

சனிக்கிழமை படகின் இயந்திரத்தருகே நான் உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை. நல்ல சால்மன் ஒன்று நீருக்கு வெளியே புரண்டு, வாடிக்கையாளர் ஒருவரின் நீண்ட ஈயின் வாலைக் கடித்துவிட்டு, எதிலும் மாட்டாமல் போய்விட்டது. பின்கொக்கி இருந்திருந்தால் அது படகுக்குள் வந்திருக்கும். ரோலன் என்னைப் பார்க்காமல் கரையைப் பார்த்தான்.

அந்த வாடிக்கையாளர் என் பக்கம் திரும்பினார். “இன்னும் ஒரு ஈ சேத்துக் கட்டலாமா? இங்க ரூல் என்ன?”

புத்தகத்தில் இருந்த மாதிரி எழுவாயை விட்டுவிட்டு நான் சொல்லவில்லை.

“நீங்க,” என்றேன், “ஒரு கயித்துல ரெண்டு ஈக்கு மேல கட்டாதீங்க. நீங்க. புரியுதா? நீங்க.”