காலிப் பக்கத்தை ஒழித்த கதை

உலகத்தீரே, செவி சாய்ப்பீர்! கிளை மேலாளர் தம் திருக்கரத்தாலேயே கணினியில் ஒரு காலிப் பக்கத்தை ஒழிக்கப் புறப்பட்டார்.

அவருடைய சாதனை அறிக்கையின் கடைசியில் அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டல மேலாளர் பதவிக்கு அவரும் துணை மேலாளரும் போட்டி. போதாக்குறைக்கு அந்தத் துணை மேலாளர் அவர் மனைவியின் தம்பி வேறு. அறிக்கை இன்றே இயக்குநருக்குப் போயாக வேண்டும்.

மேலாளர் காலிப் பக்கத்தின் அடிக்குப் போய், அழிக்கும் பொத்தானை அமுக்கினார்.

"அத ஏன் மாமா அழிக்கிறீங்க? உங்க சாதனைய அந்தப் பக்கந்தானே சரியாச் சொல்லுது!" என்றான் பக்கத்தில் நின்ற மச்சினன்.

மேலாளருக்குச் சுருக்கென்றது. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே திரும்பினார்.

"டேய், என் சிபாரிசு இல்லேன்னா இந்த வாசப்படிய மிதிச்சிருப்பியா? சோத்துக்கே எங்க வீட்டுக்குத்தானடா வந்தே!"

"சோறு அக்கா போட்டா. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே தின்னேனே, அதுக்கு நீங்கதான் எனக்குக் கூலி குடுக்கணும்."

மேலாளர் வசைபாடி முடிப்பதற்குள் பொத்தான் காலிப் பக்கத்தை விழுங்கி, சாதனைகளையும் பின்னாலிருந்து மென்றுகொண்டே தலைப்பு வரை வந்துவிட்டது. காலிப் பக்கம் போனதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மச்சினனை முறைத்தபடியே அவர் அறிக்கையைச் சேமித்து அனுப்பினார்.

மாலையில் பதவி மச்சினனுக்கு என்று உத்தரவு வந்தது. அறிக்கையை இயக்குநர் திறந்தே பார்க்கவில்லை.