கேப்டன் மட்டும்

சுவேதா அடித்த பந்து வலைக்குள் போய் விழவும் ஜூலி விசில் ஊதவும் சரியாக இருந்தது. ஆஃப்சைடு. கோல் செல்லாது.

கடலூர் கால்பந்து அணிப் பெண்கள் அத்தனை பேரும் ஜூலியை நோக்கி ஓடி வந்தார்கள். ஆட்டம் முடியப் போகிறது. எதிரணி கீரப்பாளையம் ஒரு கோல் முன்னால். அந்தப் பந்து செல்லுபடியாகியிருந்தால் சமம்.

விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் வர வேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், கொடி பிடிக்க வந்திருந்த ஜூலியின் கையில் விசிலைத் திணித்திருந்தார்கள். தான் கடலூர் அணியில் ஆடியவள் என்பதை அவளே எடுத்துச் சொன்னாள். "பரவால்லக்கா, நீங்களே ஊதுங்க" என்றாள் கீரப்பாளையம் கேப்டன் காயத்ரி. கடலூர் கேப்டன் சுவேதா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "யார் ஊதுனா என்ன" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கல்லூரிக் காலம் முழுக்க ஜூலி கொடுத்த பந்தைத்தான் சுவேதா கோலாக்கினாள். படிப்பு முடிந்ததும் ஜூலி ஆடுவதை விட்டுவிட்டு நடுவர் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். சுவேதாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாளைக் கடத்தினாள். அதற்குள் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் ஆகிறது. வலியப் போய்ப் பேச ஜூலிக்கு வராது. வாய் திறக்கத் தயங்குகிறவளுக்கு விசில் வசதியாக இருந்தது.

"லைன்ல நிக்கிற தைரியராஜ் சாரே கொடி தூக்கலியே!"

"அக்காவுக்குக் கீரப்பாளையத்துல மாப்ள பாத்திருக்காங்க போல!"

ஜூலி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினாள். "கேப்டன் மட்டும் பேசலாம். மத்தவங்க பின்னாடி போங்க."

முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். சுவேதா மட்டும் வந்து எதிரே நின்றாள்.

"சொல்லுங்க ரெஃப்ரி மேடம். கொடியே தூக்காதப்ப எப்படி ஊதுனீங்க?"

"அவர ஆள் மறைச்சிடுச்சு. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?"

ஜூலிக்குச் சுருக்கென்றது. சுவேதா எப்போதும் அரை அடி முந்திவிடுவாள். அது தெரிந்து, ஜூலி பந்தைக் கொஞ்சம் முன்னதாகவே தட்டிவிடுவாள். இப்போது அந்த இடத்தில் ஆடும் கனிமொழிக்கு அது பிடிபடவில்லை. பழைய பழக்கத்தை நினைத்து ஊதிவிட்டேனா? மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். கனிமொழியின் காலிலிருந்து பந்து கிளம்புகிறது. கடைசியாக நிற்கும் காயத்ரியின் தோள். அந்த நொடியில் அதைத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு; தாண்டியிருந்தது சுவேதாவின் முட்டி.

"பாத்தேன்" என்றாள்.

"ரெண்டு வருஷமா ஆளே கண்ணுக்குத் தெரியல. இன்னிக்கி அரை அடி தெரிஞ்சிடுச்சா உனக்கு?"

"கார்டு குடுங்க மேடம்!" என்று ஓரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். ஜூலியின் விரல் சட்டைப் பையிலிருந்த மஞ்சள் அட்டையைத் தொட்டது. எடுக்கவில்லை.

"இது மேட்ச் பத்தின பேச்சு இல்ல கேப்டன். ஆடப் போங்க."

சுவேதா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

கடலூர் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் சுவேதா தைரியராஜுக்குக் கை கொடுத்தாள். அடுத்து ஜூலி நின்றாள். சுவேதா தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் நகர்ந்துவிட்டாள். நீட்டிய கையை ஜூலி கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்துக்குள் கடலூர் வண்டி நுழையும்போதே கூட்டம் கூடவே ஓடியது. முண்டியடிக்கத் தெரியாத ஜூலி கடைசியாக ஏறினாள். கடலூர் அணி பின் சீட்டுகளை நிறைத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு இடம். அதன்மேல், ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்த ஷூ பை. பக்கத்தில் சுவேதா.

உட்காரப் போன ஒரு அம்மாவிடம், "ஆள் வருதுங்க" என்றாள் சுவேதா. பிறகு பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜூலியைப் பார்க்காமலே சொன்னாள்:

"உக்காருடி."

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது.

"அது ஆஃப்சைடுதான்" என்றாள் சுவேதா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "கால எடுத்து வெச்சப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்குடி அந்தக் கத்து கத்துன?"

"கேப்டன் மட்டுந்தான் உங்கிட்டப் பேசலாம்னு சொன்னியே. அதான் பேசுனேன்."

ஜூலி அந்த மண் படிந்த பையில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.