மூதூருக்கு ஒரு வேகக் கை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு நிவாரண அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு கொம்பியூட்டர், அந்தக் கொம்பியூட்டருக்கு ஒரு யோகலிங்கம். கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்த ஆள். கண்டறியாத ஆறு மாதம். அதை வைத்துக்கொண்டு நாலு வருஷமாக அலுவலகத்தையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தான்.

மூதூருக்குக் கடல்வழியாக லோஞ்சில் போகிற சனத்துக்குப் பயணக் கடிதம் அடித்துக் கொடுப்பதுதான் அலுவலகத்தின் முக்கிய வேலை. கடிதம் இல்லாவிட்டால் இறங்குதுறையில் ஒரு குஞ்சு குருமனையும் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கடிதமோ மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்து கிடந்தது. ரிப்போர்ட்ஸைத் திறந்து, அதற்குள் லெட்டர்ஸ், அதற்குள் டிராவல், அதற்குள் பிரிண்ட். மௌஸின் அம்பை முதலில் நேராக வலப்பக்கம் கொண்டுபோய் அடுத்த பெட்டிக்குள் விட்டுவிட்டுத்தான் கீழே இறக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் திறந்த பெட்டி மூடிக்கொள்ளும், வேறொன்று திறக்கும், திரும்பவும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். மௌஸும் கடற்காற்றில் கிடந்து பழுதான மௌஸ். நிற்கச் சொன்னால் துள்ளும்.

யோகலிங்கம் அந்தச் சனியனைத் தொடுவதே இல்லை. ஆல்ட் பட்டனை ஒருமுறை அமத்துவான். பிறகு ஒவ்வொரு சொல்லிலும் அடிக்கோடு போட்டிருக்கும் எழுத்தைத் தட்டுவான். ஆர், எல், டி, பி. நீங்கள் மூச்சை இழுத்து விடமுன்னம் கடிதம் பிரிண்டரில் நிற்கும். இந்த வித்தை வேறொருவருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகால் கீபோட்டை மறைத்துக்கொண்டு இருப்பான்.

அவனுக்கு உதவிக்கென்று புஷ்பவதியை எடுத்தார்கள். சாம்பல்தீவுப் பெண். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராமல் இரண்டு வருஷம். இரண்டு பிள்ளைகள், இளையதுக்கு மூன்று வயது. அவள் வந்த முதல் நாளே யோகலிங்கம் இரண்டு ஆல்ட் பட்டன்களுக்கும் மேல் பிளாஸ்திரி ஒட்டினான்.

"இதில கை வைச்சிடாதையும். வைச்சால் ஏழாயிரம் பேரின்ர பதிவும் அழிஞ்சு போம். பிறகு நீர்தான் பதில் சொல்லவேணும்."

பாவம், அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் மௌஸோடு மல்லுக்கட்டினாள். அம்பை நேராகக் கொண்டுபோ என்ற ஒரு சொல்லைக்கூட அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் குறுக்கே இழுப்பதும் பெட்டி மூடுவதும், அவன் கொடுப்புக்குள் கள்ளமாகச் சிரிப்பதுமாக மாதங்கள் போயின.

ஒருநாள் மத்தியானம் முத்தலிப் என்று ஒரு மூதூர் மனிதர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டியிருந்த சாரம் முழுக்கப் புழுதி. மூத்த சகோதரனின் சாவுச் செய்தி கேட்டு ஓடிவந்தவர்.

"புள்ள, காக்கா மௌத்தாயிட்டார். அசறுத் தொழுகைக்குப் பொறகு அடக்கிருவாங்க. ஒரு மணி லோஞ்சில என்னைய ஏத்தி உட்டுருங்க. அத உட்டா நாளைக்குத்தான்."

அப்போது பன்னிரண்டு நாற்பது. புஷ்பவதி பெயரை அடித்துவிட்டு மெனுவைத் திறந்தாள். டிராவல் வரை போவாள், மௌஸ் துள்ளும், எல்லாம் மூடிக்கொள்ளும். மூன்று தரம், நாலு தரம். யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இதை மட்டும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ. அவற்ர அலுவல் அவசரம்."

யோகலிங்கம் அப்போதுதான் தேத்தண்ணியும் வடையுமாகக் கதிரையில் சாய்ந்திருந்தான்.

"நான் எந்த நாளும் எடுத்துத் தந்தால் நீர் எப்ப பழகுறது? செய்யும், செய்யும். வரும்."

செய்தாள். வந்தது. லோஞ்ச் போய் எட்டு நிமிஷத்துக்குப் பிறகு வந்தது. முத்தலிப் அந்தக் கடிதத்தை வாங்கி, நாலாய் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரோரமாகக் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார். ஒருவரையும் ஏசவில்லை. கூடப்பிறந்தவனின் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். யோகலிங்கம் வடையைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தான். துளி வெட்கமில்லாத பிறவி.

அடுத்த மாதம் பொறுப்பதிகாரி கனகசுந்தரம் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூதூர்க் கிளைக்கும் ஒரு கொம்பியூட்டர் வந்திருக்கிறதாம். உங்கள் இரண்டு பேரில் ஒருவர் அங்கே போய்த் தங்கவேண்டும், வெள்ளிக்கிழமை இரண்டு பேரின் வேலையையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வேன் என்றார்.

யோகலிங்கம் பயந்துபோனான். போன வருஷம் சண்டையில் மூதூர்க் கிளை வளவுக்குள் ஷெல் குண்டு விழுந்து அங்கிருந்த கிளாக்கருக்கு ஒரு கால் போனது. யோகலிங்கத்தின் மனைவி கமலேஸ்வரிக்கோ கல்யாணம் முடித்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கி, ஏழு மாதம். இந்த நேரத்தில் அவளைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? போகமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் பண்ணினான். கெட்டிக்காரன் திருகோணமலை ரவுணில் நிற்பான், மொக்கு மூதூருக்குப் போகும் என்று தானாகவே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டான். அப்படி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புஷ்பவதிக்கும் அதே பயம்தான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு ஒரு நாதியும் இல்லை. கூட்டிக்கொண்டு போனால் ஷெல்லுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பதுபோல. அது யோகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வியாழக்கிழமை பின்னேரம் மௌஸைக் கழற்றி, உருண்டை ஓடுகிற இடத்தில் கொஞ்சம் நூல் பிசிறையும் அடைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கனகசுந்தரம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யோகலிங்கம் பிளாஸ்திரியை உரித்து எறிந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது, அவள்தான் போகப்போகிறாளே. ஆல்ட், ஆர், எல், டி, பி. பத்துக் கடிதமும் நாலு நிமிஷத்தில் முடிந்தன. புஷ்பவதி பின்னால் நின்று அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உட்கார்ந்து, மௌஸோடு அழாக்குறையாக அரை மணித்தியாலம் கிடந்து, மூன்று கடிதம் எடுத்தாள்.

கனகசுந்தரத்தின் முகம் மலர்ந்து போயிற்று.

"யோகலிங்கம், நீர்தான் மூதூருக்குச் சரியான ஆள். அங்க கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் ஓடும். அதுக்குள்ள அம்பது அறுவது கடிதம் எடுக்கவேணும். இந்தப் பிள்ளையை விட்டால் ஐஞ்சு கடிதம் வராது."

யோகலிங்கம் கமலேஸ்வரியின் கதையைச் சொன்னான், காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு ஆள் ஆரெண்டில்லை, கை வேகமா இருக்கவேணும். ஒரு கிழமை தாறன், அடுத்த வெள்ளி வரைக்கும். புஷ்பவதியை உம்மைப்போல ஆக்கிவிடும், அவ போகட்டும். ஏலாதெண்டால் நீர்தான்."

அந்த ஒரு கிழமையில் யோகலிங்கத்தைப் பார்த்திருக்கவேண்டும். தேன் ஒழுகிற்று. காலையில் அவளுக்குத் தன் கையால் தேத்தண்ணி, பத்து மணிக்கு வடை. மௌஸைத் துப்புரவாக்கி, அம்பை எப்படி நேராகக் கொண்டுபோவதென்று கையைப் பிடிக்காத குறையாகக் காட்டினான். ஆல்ட் பொல்லாததென்று சும்மா பயப்படுத்தத்தான் சொன்னது என்றான். ஆல்ட் அமத்தினால் மெனு விழிக்கும், வலப்பக்க அம்புப் பட்டன் உள்ளே கொண்டுபோகும், இடப்பக்கத்தது வெளியே கொண்டுவரும், வழி தவறினால் எஸ்கேப் ஒருபடி பின்னுக்கு விடும். நாலு வருஷமாகப் பொத்தி வைத்திருந்த அத்தனையையும் ஒரு தாளில் எழுதி அவளுக்கு முன்னால் ஒட்டினான்.

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு ஆல்ட்டை அமத்தி, ஆர் எழுத்துக்குப் பதிலாக ஈ எழுத்தைத் தட்டினாள். எல்லுக்குப் பதிலாக கே. எஸ்கேப்பை மூன்று தரம் அமத்தி எல்லாவற்றையும் மூடினாள்.

"எனக்குத் தலையில ஏறுதில்லை, அண்ணை. நீங்கள் நல்லாத்தான் சொல்லித் தாறியள்."

புதன்கிழமை அவனுடைய கண் கலங்கிவிட்டது. "புஷ்பவதி, என்ர பெஞ்சாதியை நினைச்சாவது கொஞ்சம் கவனமாச் செய்யும்."

"ஓம் அண்ணை," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் ஈயைத் தட்டினாள். தன் பிள்ளைகளைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்துக் கடிதத்துக்கு அவளுக்கு ஐம்பது நிமிஷம் எடுத்தது. கனகசுந்தரம் மணிக்கூட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். "சரி, விடும். திங்கட்கிழமை லோஞ்சில யோகலிங்கம் போகட்டும். அவருக்குப் பயணக் கடிதத்தை எடுத்துக் குடும்," என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

யோகலிங்கம் மேசைக்கு முன்னால், சனம் வந்து நிற்கிற இடத்தில், நின்றான். இந்தக் கடிதம் வரவும் ஒரு மணித்தியாலம் ஆகும், அதற்கிடையில் பெரியவரிடம் இன்னொருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

புஷ்பவதி மூடிய கதவை ஒருமுறை பார்த்தாள். மௌஸைத் தள்ளி வைத்தாள். மடியில் இருந்த இடக்கையை எடுத்து மேசைமேல் வைத்து, அவனுடைய பெயரை அடித்தாள். ஆல்ட், ஆர், எல், டி, பி. கீபோட்டைக் குனிந்து பார்க்கவும் இல்லை. பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளை இழுத்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. இவளுக்கு எல்லாம் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை தன் விரல்களைப் பார்த்தபோதே படித்துவிட்டாள். ஒரு கிழமை முழுக்கத் தெரியாததுபோல நடித்துத் தன்னைப் பேய்க்காட்டியிருக்கிறாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டிச் சொல்லலாம். சொன்னால் பெரியவர் வந்து செய்துகாட்டச் சொல்வார், அவள் திரும்பவும் ஈயைத் தட்டுவாள். அவன்தான் பொய்யன் ஆவான்.

"இது சரியான அநியாயம், புஷ்பவதி," என்றான். "அவளுக்கு இப்ப ஏழு மாதம்."

"தெரியும் அண்ணை. எனக்கு ரெண்டு பேர்."

கடிதத்தை எடுத்து, முத்திரை குத்தி, அவன் பக்கம் நீட்டினாள்.

"பேர் சரியோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. ஒரு எழுத்துப் பிழையெண்டாலும் ஏத்த மாட்டினம்."

அவன் வாங்கிப் பார்த்தான். பெயர் சரியாகத்தான் இருந்தது.