பக்கத்து சீட்டின் எடை

அந்தச் சிவப்பு நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்து சீட்டில் யாரும் உட்காராதபோதும் அறுபது கிலோ எடை இருந்தது. லாரிகளை எடைபோடும் மேடையில் ஏற்றிப் பார்த்து உறுதிசெய்த விஷயம் இது. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்பதால் ஐம்பத்தேழாகவோ அறுபத்திரண்டாகவோ கூட இருந்திருக்கலாம். அதற்கு மேல் துல்லியம் கேட்பவர்கள் காரை நகைக்கடைத் தராசில்தான் ஏற்ற வேண்டும்.

காரின் சொந்தக்காரர் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். இருபது வருடமாக மேலும் கீழுமாகவே போய் வந்து அலுத்துவிட்டது, இனிக் கொஞ்சம் முன்னால் போக வேண்டும் என்று சொல்லித்தான் அந்தக் காரை வாங்கினார். இறந்துபோன ஒரு பல் டாக்டருடையது. இரண்டே சீட்டு, மடக்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும் துணிக்கூரை, திறந்தால் கையோடு வந்துவிடும் கைப்பிடி. எட்டு வருடம் கொட்டகையில் கிடந்ததில் எலிகள் கார்புரேட்டர் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியபோது அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு விரலால் கதவைத் தொட்டு, விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தார். "இந்த ஓட்டை வண்டியில நான் ஏற மாட்டேன். முழுசா முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் அதை எப்படிச் சொன்னார், இவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று விசாரிக்க அடுத்த பதினோரு வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

லிஃப்ட்காரருக்கு மெக்கானிக் என்றாலே சந்தேகம். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் எல்லாவற்றையும் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் தானே செய்தார். பக்கம் கிழிந்த கையேடு ஒன்று, இரண்டு ஜாக்கி, கழற்றிய போல்ட்டுகளைப் போட்டுவைக்க முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழிக்கும் நம்பர் எழுதியிருப்பார். முதல் வருடம் என்ஜின் இறங்கியது, எலிகள் வெளியேறின. இரண்டாம் வருடம் பிரேக். அதில் கட்டைகளைத் தலைகீழாக மாட்டிவிட்டதால் கார் பின்னால் போகும்போது மட்டும் மிக நன்றாக நின்றது. முன்னால் போனபோது கொட்டகைச் சுவரோடு நின்றது. சுவரைக் கட்டி முடித்த பிறகு டிரம் பிரேக்கையே தூக்கிப்போட்டுவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். மூன்றாம் வருடம் இரண்டு சீட்டுகளையும் பிரித்து, புது ஸ்பாஞ்சு வைத்து, தோல் போர்த்தி, போல்ட் முறுக்கினார். அன்று சாயங்காலம்தான் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முதலில் அவர் ஸ்பிரிங் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். ஜோடி சேராத ஸ்பிரிங்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து, இடதை வலதாக, வலதை இடதாக மாற்றிப் போட்டார். சாய்வு இருந்த பக்கமே இருந்தது. பிறகு ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட்டுப் புதிதாக வாங்கினார். பிறகு தரையைச் சந்தேகப்பட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரை யோக்கியமாக இருந்தது. கடைசியில் செத்துப்போன பல் டாக்டரைச் சந்தேகப்பட்டு அவர் வீட்டுக்கே போய், அவருக்கு வேறு யாரோடாவது பழக்கம் உண்டா என்று அவருடைய மனைவியிடமே கேட்டார். அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சீட்டைக் கழற்றினால் கார் நேராக நின்றது, மாட்டினால் சாய்ந்தது. உட்காரும் இடத்தில் தோல் மெல்ல அமுங்கி, ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம் போல ஒன்று விழுந்து, நாளாக நாளாக ஆழமானது.

பள்ளத்தை முதலில் கண்டுகொண்டது லிஃப்ட்காரரின் மனைவி. தெருவுக்கே அவர் தையல்காரம்மா; அங்கே பெண்கள் உடுத்துவது எல்லாம் அவருடைய மெஷினுக்குள் போய் வந்ததுதான். ஒரு பள்ளத்தைப் பார்த்தால் அதை விட்டுச் சென்றவரின் அளவு அவருக்குத் தானாக வந்துவிடும். சீட் நான்கு துளை முன்னால் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. கால் வைக்கும் இடத்தில் மரப்பலகை ஒன்று உயர்த்திப் பொருத்தப்பட்டிருந்தது. வெயில் மறைக்கும் தட்டு உயரம் குறைந்தவரின் கண்ணுக்கு ஏற்ற கோணத்தில் இறங்கியிருந்தது. குள்ளமான பெண் என்று அவர் முடிவுக்கு வந்தார். அன்றைக்கு மத்தியானம் மூன்று சட்டைகளைத் தப்பாக வெட்டினார், அவர் தொழிலில் முதல் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரர் காரை எடுத்துக்கொண்டு போவார். லிஃப்டில் ஒரு கம்பியை மாற்றினாலும் ஆள் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர் வேலையின் விதி. அதையே காருக்கும் வைத்திருந்தார். காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார், சாயங்காலம் சிரித்த முகத்தோடு வருவார். அந்தச் சிரிப்பைத்தான் தையல்காரம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"வண்டியில யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"யாரையும் இல்ல. சும்மா ஓட்டிப் பாக்கத்தான்."

சொன்னவரின் காது மடல் வரைக்கும் சிவந்தது. பொய் சொல்கிற ஆளின் காது எப்படிச் சிவக்கும் என்று கல்யாணமான நாளிலிருந்து தெரிந்தவர் தையல்காரம்மா. போதாததற்கு, ஆறாம் வருடம் போக்குவரத்துக் காவலர் ஒருவர் பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எழுதி, காரின் படத்தோடு வீட்டுக்கே தாள் அனுப்பினார். படத்தில் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் லிஃப்ட்காரர் மறுபேச்சு பேசாமல் அபராதத்தைக் கட்டிவிட்டு, அந்த வாரமே அந்த சீட்டுக்குப் புது பெல்ட் மாட்டினார். குற்றமில்லாதவன் எவனாவது அப்படிக் கட்டுவானா என்று தையல்காரம்மா தனக்குள் கேட்டுக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பிறகு அவர் புலனாய்வில் இறங்கினார். கணவர் வேலைக்குப் போனதும் டேப்பும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் பள்ளத்தை அளந்தார். அகலத்திலிருந்து இடுப்புச் சுற்று, சாய்மானத்தில் தேய்ந்த இடத்திலிருந்து தோள், தலை பட்ட இடத்திலிருந்து உயரம். வாடிக்கைக்காரிகளின் அளவு நோட்டை விரித்து, அறுபத்து மூன்று பெண்களை ஒவ்வொருவராக விசாரித்து, ஒருவரைத் தவிர எல்லோரையும் விடுதலை செய்தார். மிஞ்சியவர் மாடிவீட்டு டீச்சர் மட்டும்தான். அவருக்கும் இடுப்பில் இரண்டு அங்குலம் இடித்தது. டீச்சர் இளைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது காரணம் சொல்லி அவரை மறுபடி அளந்தார். பொருந்தாத கோபத்தில் அவருடைய சட்டைகளை அரை அங்குலம் பிடித்துத் தைத்தார். தான் பெருத்துக்கொண்டே போவதாக நம்பிய டீச்சர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பாவம், ஒரு பாவமும் அறியாதவர். பள்ளம் மட்டும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறாள், யார் வீட்டுச் சாப்பாடோ என்று தையல்காரம்மா பல்லைக் கடித்தார்.

பதினோராம் வருடம் லிஃப்ட்காரர் பக்கத்து சீட்டுக்கு அடியில் சூடேற்றும் கம்பி ஒன்றைப் பொருத்தினார். குளிர்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்கவாம். தன் சீட்டுக்கு வைத்துக்கொள்ளவில்லை. தையல்காரம்மா இதைப் பார்த்த அன்றைக்கு அழவில்லை, கத்தவும் இல்லை. தனக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புவலி இருக்கிறது, அதை ஒரு நாளும் இந்த மனுஷன் விசாரித்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பெட்டியில் துணிகளை அடுக்கினார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் லாரி எடைமேடை நடத்துபவர். மணல் லாரிக்காரர்களின் சத்தியங்களைக் கேட்டுக் கேட்டு முள் காட்டுவதைத் தவிர வேறு எதையும் நம்பாதவராகிவிட்டார். தங்கை சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கூட்டிட்டுப் போறேன் பாப்பா. ஆனா முதல்ல வண்டி மேடைக்கு வரட்டும்" என்றார். மறுநாள் காலை மூன்று பேரும் மேடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லிஃப்ட்காரரை இறக்கிவிட்டுக் காரை எடைபோட்டார்கள். பிறகு சீட்டைக் கழற்றிவிட்டு எடைபோட்டார்கள், எழுபது குறைந்தது. கழற்றிய சீட்டை மட்டும் மேடையில் வைத்தார்கள், பத்து. அண்ணன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "மாப்ள, அறுபது கிலோ பொம்பள" என்றார். லிஃப்ட்காரருக்கு முகம் வெளிறியது. அத்தனை வருடமும் எப்படியும் ஸ்பிரிங்கில்தான் கோளாறு என்று அவர் ஒரு ஓரமாக நம்பிக்கொண்டிருந்தார். சீட்டை மறுபடி மாட்டி, போல்ட் முறுக்கிவிட்டு மேடையை விட்டு இறங்கி நின்றார்.

"இப்ப அவ அதுல இருக்காளா?" என்றார் தையல்காரம்மா.

"முள் இருக்காள்னுதான் காட்டுது" என்றார் அண்ணன்.

"அப்ப அவ மேலேயே உக்கார்றேன். நசுங்கட்டும்."

கதவைத் திறந்து, இத்தனை வருடக் கோபத்தையும் சேர்த்துத் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணாடி அறையிலிருந்து அண்ணன் கத்தினார்.

"ஏறு பாப்பா, சீக்கிரம்! பின்னாடி லாரி நிக்குது!"

"ஏறிட்டேன்!"

"எங்க ஏறின? முள்ளு அசையவே இல்லையே!"

தையல்காரம்மா குனிந்து பார்த்தார். பள்ளம் இரண்டு பக்கமும் நூல் பிசகாமல் அவரைச் சுற்றி நின்றது. கால் பலகையில் சரியாகப் படிந்தது. தலை தேய்ந்த இடத்தில் தலை. அறுபத்து மூன்று பெண்களின் அளவும் நோட்டில் இருந்ததே தவிர அவருடைய அளவு அதில் இல்லை. தனக்குத் தைத்துக்கொள்ளும்போது பழைய சட்டையைத் துணிமேல் போட்டு வெட்டிவிடுவது அவர் வழக்கம். தையல்காரர்கள் யாரும் தங்களை அளந்துகொள்வதில்லை. அண்ணன் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற லாரியைக் காத்திருக்கச் சொன்னார்.

"ஏன் ஒரு நாள்கூட என்னைக் கூப்பிடல?" என்றார் தையல்காரம்மா.

"நீதானே சொன்ன, முழுசா முடிச்சிட்டுக் கூப்பிடுன்னு." லிஃப்ட்காரர் ஸ்பேனரைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "இன்னும் முடியலையே. ஒயரிங் பாக்கி இருக்கு. பழைய வண்டி, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு போகுது. இதோ முடிஞ்சிடும், அடுத்த வாரம் நீ இருப்ப, அதோ பாரு, இதோ பாருன்னு காட்டலாம்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். தனியா பேசுறதைச் சொன்னா நீ சிரிப்பேன்னு வெக்கமா இருந்துச்சு."

காது சிவந்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. ஆனால் தையல்காரம்மா அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தேகத்தோடு கணவரைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் இல்லாம என்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க? எல்லாத்தையும் எனக்குக் காட்டணும். ஒண்ணு விடாம."

மேடையிலிருந்து கார் நேராகப் புறப்பட்டுப் போனது. இரண்டு பெட்டிகளும் அண்ணனின் கண்ணாடி அறையிலேயே கிடந்தன. முதலில் போனது ஏரிக்கரை. கரையோரத்தில் ஒரு டீக்கடை, அதற்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவர்கள் உட்கார்ந்ததும் கடைக்காரர் கேட்காமலே இரண்டு கிளாஸ் கொண்டுவந்து, ஒன்றைத் தையல்காரம்மா முன்னால் வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்னு யார் சொன்னது?"

"நீங்கதாம்மா" என்றார் கடைக்காரர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. "போன வருஷம் டாக்டர் நிறுத்தச் சொன்னார்னு சொன்னீங்களே. அதுக்கு முந்தி ரெண்டு கரண்டி."

லிஃப்ட்காரர் ஏரியைப் பார்த்தார். எப்போதும் இரண்டு டீ வரும், இரண்டு கிளாஸும் காலியாகும், கடைக்காரரின் வழக்கம் அது என்றுதான் அவர் இருந்திருக்கிறார். தையல்காரம்மா கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேற என்ன சொன்னேன் நான்?"

"பெரிசா ஒண்ணும் பேச மாட்டீங்க. அவர் ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பார், நீங்க சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க."

பதினோரு வருடத்தில் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று தையல்காரம்மா யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. வீட்டில் அளவு நோட்டை விரித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஞாயிறுகள்தான் வந்தன. அந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவளின் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது, மாடிவீட்டு டீச்சர் மேல் வந்ததைவிட அதிகமாக. துக்கமாகவும் இருந்தது. டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

எழுந்து போய் காரில் உட்கார்ந்தார். கார் கொஞ்சமும் அமுங்கவில்லை. அதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். நாற்பது கிலோமீட்டர், வழியில் என்ஜின் சூடானால் ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்றார் லிஃப்ட்காரர்.

"சரி, எடுங்க" என்றார் தையல்காரம்மா. "போற வழியில, நான் எதுக்குச் சிரிச்சேன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."