செவ்வந்தி அணைத்த மெயின்

சோமனூரை அடுத்த நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு இணையவழித் தேர்வின்போது பத்துக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் அணைந்தன. யுபிஎஸ் பேட்டரி போன மாதமே செத்துவிட்டதால் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. பத்துப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் தட்டிய விடைகள் போயே போயின.

மெயின் சுவிட்சில் கை வைத்தபடி அவர்களில் ஒருத்தியான செவ்வந்தி நின்றிருந்தாள்.

ஆசிரியை அன்புக்கரசி அப்போது மாணவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தாள். அதாவது, வழிகாட்டுவதுபோல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குள் படம் வேண்டும் என்று தலைமையாசிரியர் சுந்தரராஜுலு வாட்ஸ்அப்பில் மூன்று முறை விரட்டியிருந்தார். செல்ஃபியில் ஒன்று அவள் தலை வெட்டுப்பட்டது, இல்லை கம்ப்யூட்டர் வெட்டுப்பட்டது. முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டி நாலாவது தடவை முயன்றபோதுதான் இது நடந்தது.

"ஏன் கண்ணு ஆஃப் பண்ணுன?"

"பக்கத்துல ரூபினா ஸ்கிரீன்ல சக்கரம் நிக்காம சுத்துச்சுங்க டீச்சர். அமுக்கி அமுக்கிப் பாத்தா, நிக்கலீங்க. உங்களையும் கூப்புட்டனுங்க."

கூப்பிட்டது அன்புக்கரசியின் காதில் விழுந்திருந்தது. "இரு, வாரேன்" என்று சொன்னதும் அவள்தான்.

செவ்வந்தியின் குடும்பம் நாலு விசைத்தறிக்கு நடுவே பாய் விரித்துத் தூங்குகிறது. அங்கே பிள்ளைக்கு எழுத்துக்கு முன்பே ஒன்றைச் சொல்லித் தந்துவிடுவார்கள். எது மாட்டினாலும் கத்தாதே, ஓடிப்போய் மெயினை அணை. போன தையில் அம்மாவின் முந்தானை தறி பெல்ட்டில் மாட்டியபோது அணைத்தது இதே கைதான். கழுத்து தப்பியது.

மத்தியானம் சுந்தரராஜுலு ஒரு தாளை நீட்டினார். மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம். மாணவியின் ஒழுங்கீனத்தால் தேர்வு கெட்டது, வருடம் முடியும்வரை அவளைக் கணினி அறைக்குள் விடமாட்டோம் என்று இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர். இல்லீன்னா உங்களுக்கு மெமோ வரும்."

"அந்தப் புள்ளைக்கு வேற எங்கீங்க சார் கம்ப்யூட்டரு? ஊட்லயா வெச்சிருக்காங்க?"

"தறிக்குடோன் புள்ளை. நாளைக்கும் ஆஃப் பண்ணும்."

"நானும் தறிக்குடோன் புள்ளைதானுங்க."

"அதுக்கு? கம்ப்யூட்டரே பாடம் நடத்துது, அதே மார்க்கும் போடுது. நீங்க சும்மா உக்காந்து சத்தம் வராமப் பாத்துக்கிட்டாப் போதும். அதுகூட முடியலீன்னா எப்புடி?"

வேலை நிரந்தரமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் பேனாவை மூடினாள்.

"நூல் அறுந்தாப் பாக்கத்தானுங்க தறிக்கு ஆள் போடுறாங்க. ஆளு கண்ணாடி பாத்துட்டு நின்னுபோட்டுத் தறியக் குத்தம் சொல்ல முடியுமுங்களா? நடந்ததை நானே எழுதித் தாரனுங்க. அந்நேரத்துக்கு நான் போட்டோ எடுத்துட்டிருந்தேன். உங்க மெசேஜையும் பிரிண்ட் போட்டுக் கூட வெச்சர்றேன்."

"என்ற மெசேஜ் எதுக்கு டீச்சர்?"

"சாட்சிக்குங்க."

சுந்தரராஜுலு தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

"கரண்ட்டு போயிருச்சுன்னு எழுதிப்போடலாமா?"

"என்னமோ எழுதிப்போடுங்க. அந்தப் புள்ளை பேரு மட்டும் வரக்கூடாதுங்க."

வரவில்லை. மெமோ மட்டும் வந்தது, செத்த பேட்டரியைக் கவனிக்காத பொறுப்பாசிரியை அன்புக்கரசிக்கு.

மறுதேர்வன்று செவ்வந்தி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடப்போவதில்லை என்றாள். அன்புக்கரசி ஒரு கையை இழுத்து மவுஸ் மேல் வைத்தாள். பிறகு உட்காராமல் பிள்ளைகளின் முதுகுப்பக்கம் நடந்துகொண்டே இருந்தாள்.

ஏழாவது கேள்வியில் சக்கரம் சுற்றியது. செவ்வந்தி பாதி எழுந்துவிட்டாள். தோளில் ஒரு கை விழுந்தது.

"உக்காரு. அது தேடிட்டிருக்குது, தானா நிக்கும். யாரும் அதுல மாட்டல."

செவ்வந்தி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "நெசமாவே யாராச்சும் மாட்டுனா, டீச்சர்?"

"ஆஃப் பண்ணிப்போடு. என்னையக் கேட்டுட்டு நிக்காத."